தெல் பார்த்தேன், பாஸ்

தம்பிமாரே, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷம் சொந்தமாக டீசல் பிக்கப் வைத்து ஓட்டியவன் நான். என் வண்டி ஒரு நாளும் நடுரோட்டில் நின்றதில்லை.

பொய். அது நின்ற இடத்திலெல்லாம் ஒரு கல் நட்டிருந்தால், டயகமவிலிருந்து நுவரெலியா வரைக்கும் அரசாங்கம் மைல்கல் போட்டிருக்கத் தேவையில்லை. எட்டு வருஷமும் பொய். ஐந்துதான். அதிலும் ஒரு வருஷம் அது கராஜுக்குப் பின்னால் சவுக்கு மரத்தடியில் கிடந்து கோழிகளுக்கு அடைகாக்க இடம் கொடுத்தது.

உங்களில் இரண்டு பேர் இந்த மாதம் பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்கள். மாலை போட்டு, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியதையும் பார்த்தேன். நல்லது. கிளச், கியர் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. ஒரே ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள்.

சொந்த வண்டி வாங்குவதற்கு முன் நான் தோட்டத்து லொறி டிரைவர். மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளை ஏற்றிப் போய் ஃபேக்டரியில் இறக்குவேன். எங்கள் தொர ஒரு சட்டம் வைத்திருந்தார்: டிரைவர் பானெட்டைத் தொடக் கூடாது. தொட்டால் வேலை போய்விடும். காலையில் ஃபேக்டரி ஃபிட்டர் வந்து எல்லாம் பார்த்து மூடிவிட்டுப் போவார். நான் தலைக்கு எண்ணெய் தேய்த்து, வாரிச் சீவி, ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிப்பேன். ஒன்பது வருஷம் இப்படி ஓட்டினேன். அந்தப் பானெட்டுக்குக் கீழே இஞ்சின் இருக்கிறதா, இரண்டு மாடு கட்டியிருக்கிறதா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் நாங்கள் குடியிருக்கிற லயத்தில் கேட்டால் மாரிமுத்து டிரைவருக்குத் தெரியாத வண்டி இல்லை என்பார்கள். அப்படிச் சொல்லி வைத்தவனே நான்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் அந்த வேலையை விட்டுவிட்டு, தலவாக்கலையில் மரக்கறி வியாபாரி ஒருவரிடம் பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கினேன். எனக்கு முன்னால் அதை நான்கு பேர் வைத்திருந்தார்கள். நான்கு பேரும் உயிரோடு இருந்தார்கள். அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். ஸ்டார்ட் செய்தால் பின்னால் நீல நிறத்தில் புகை வரும். சாமி ஊர்வலம் மாதிரி இருக்கிறது என்று பெருமைப்பட்டேன். முன்னால் ஒரு மீட்டர், அதன் முள் எழும்பாமல் அடியிலேயே கிடந்தது.

"அது செத்த முள்ளு. அத பாக்காதீங்க" என்று விற்றவர் சொன்னார். சொன்னதை அப்படியே கேட்டேன். வாழ்க்கையில் யார் பேச்சையும் கேட்காதவன், அவர் பேச்சை மட்டும் கேட்டேன்.

வண்டியை அக்கரப்பத்தனை கடைவீதியில் கராஜ் வைத்திருந்த சிங்கள மெக்கானிக்கிடம் காட்டினேன், பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். என் வயதுதான் அவருக்கு. பேச்சு குறைவு. ஒரு ஸ்க்ரூ டிரைவரை இஞ்சினில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டார், டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கிற மாதிரி. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"மாரி, ஹெமதாம உதேட்ட தெல் பலன்ன. மே எஞ்சிம தெல் கனவா."

தினமும் காலையில் தெல் பார், இந்த இஞ்சின் தெல் தின்னும் என்கிறார். தெல் என்றால் எண்ணெய். இதில் என்ன கஷ்டம்? கடையில் தேங்காயெண்ணெய் வாங்கினால் பொல் தெல். விளக்குக்கு வாங்கினால் பூமி தெல். பெட்ரோல் ஷெட்டில் போய் டீசல் போடச் சொன்னாலும் "தெல் கஹன்ன" என்றுதான் சொல்வோம். ஆகவே பாஸ் சொன்னது டீசல். இந்த வண்டி டீசலை அதிகம் குடிக்கும், தினமும் டாங்கியைப் பார்த்துக்கொள் என்கிறார். இஞ்சினுக்குள் வேறொரு எண்ணெய் இருப்பதை நான் கேள்விப்பட்டிருந்தேன். அதற்கு என் வாயில் இருந்த பெயர் ஒயில். அது பாஸ் எப்போதாவது மாற்றுகிற சாமான். அதை நான் பார்க்க வேண்டும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"தேருணாத?" புரிந்ததா என்று பாஸ் கேட்டார்.

கராஜில் அப்போது ஐந்தாறு பேர் நின்றார்கள். அவர்கள் முன்னால், எந்த தெல் பாஸ் என்று ஒன்பது வருஷ டிரைவர் கேட்பானா?

"தேருணா, தேருணா!" என்றேன். தலையை ஆட்டிய வேகத்தில் தொப்பி விழுந்தது.

மறுநாளிலிருந்து பூஜை ஆரம்பம். கவ்வாத்தில் வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சி, மிலாறு ஒன்றை எடுத்து, தோலை உரித்து, வழுவழுப்பாக்கி, டாங்கிக்குள் விட்டு எடுப்பேன். நனைந்த அளவை விரலால் அளப்பேன். காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற சனமெல்லாம் அந்த வழியாகத்தான் போகும். அவர்கள் வருகிற நேரம் பார்த்துத்தான் குச்சியை விடுவேன்.

"என்னா மாரி, டாங்கிக்குள்ள மீன் புடிக்கிறியா?"

"டீசல் வண்டின்னா சும்மாவா? இதெல்லாம் ஒரு மொற. ஒனக்குச் சொன்னா வெளங்காது, போ போ, பேரு போடப் போறாங்க!"

அக்கரப்பத்தனையில் பாஸைக் கடக்கும்போதெல்லாம் அவர் கராஜ் வாசலிலிருந்து கத்துவார்: "மாரி, தெல் பெலுவத?" தெல் பார்த்தாயா என்று.

"பெலுவா பாஸ்! ஃபுல்!"

அவர் கட்டைவிரலைக் காட்டுவார். அவர் கேட்டது ஒரு எண்ணெய், நான் பார்த்தது இன்னொரு எண்ணெய். இரண்டு பேருக்கும் திருப்தி. நடுவில் இஞ்சின்தான் செத்துக்கொண்டிருந்தது.

இப்போது சின்னசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் லயத்தில் அடுத்த காம்பராவில், என் அறையை ஒட்டிய அறையில், இருக்கிறவன். அவன் பெண்சாதி கருப்பாயி என்னை அண்ணே என்று கூப்பிடும். சொந்தம் கிடையாது. ஆனால் என் வீட்டில் அடுப்பு எரியாத நாளில் அந்த வீட்டில் எனக்கு ஒரு தட்டு இருக்கும்.

நாற்பத்தெட்டில் சட்டம் வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த நம்மை ஊரில்லாத ஆட்களாக்கியது உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு பிரஜாவுரிமை வேண்டுமென்று மனுப் போட்டவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். சின்னசாமி மனுப் போட்டு எத்தனையோ வருஷம் கழித்து ஒரு நாள் கடுதாசி வந்தது. நுவரெலியாவில் விசாரணை. காலை ஒன்பதரைக்குப் புருஷனும் பெண்சாதியும் கையில் அத்தாட்சிகளோடு நிற்க வேண்டும்.

விசாரணைக்கு முந்தின மூன்று வாரமும் கருப்பாயிக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி. கொழுந்து எடுத்துக்கொண்டே பதில் பாடம் பண்ணும். "அப்பா பேரு பெரியண்ணன். பொறந்தது டயகம. நான் பொறந்ததும் டயகம. கடலே பாத்ததில்ல ஐயா." பக்கத்து நிரையில் நிற்கிறவர்கள் விசாரணை ஐயா மாதிரி குரலை மாற்றி, "இந்தியாவுல ஒனக்கு யாரு இருக்கா?" என்று கேட்டு மிரட்டுவார்கள். "யாருமே இல்லைங்க" என்று கருப்பாயி உண்மையாகவே அழும். பிறப்புச் சீட்டு, பேர் பதிந்த சீட்டு, தோட்டத்துக் கடுதாசி எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைத் தாலிக் கயிற்றில் கோத்து வைத்திருந்தது.

சின்னசாமி பஸ்ஸில் போவதாகத்தான் இருந்தான். முதல் நாளே எந்த பஸ், எங்கே மாறுவது என்றெல்லாம் விசாரித்து வைத்திருந்தான். நான்தான் விடவில்லை.

"பஸ்ஸுல நசுங்கிக்கிட்டா போவ? அந்த ஐயா முன்னுக்குக் கசங்கின சீலையோட போய் நின்னா என்னா நெனைப்பாரு? நான் கூட்டிட்டுப் போறேன். வாசல்ல கொண்டு போய் எறக்குறேன். தொர மாதிரி எறங்கு."

"ஒனக்கு எதுக்கு மாரி செரமம்?"

"செரமமா? சொந்த வண்டி வச்சிருக்கறது எதுக்கு, கோழி ஏத்தவா?"

அந்த நாள் காலையில் குச்சி விட்டுப் பார்த்தேன். டாங்கி நிறைய இருந்தது. சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணினேன். குளிரில் எப்போதும் அப்படித்தான். மூன்று பேரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்தோம். கருப்பாயி கல்யாணச் சீலை கட்டியிருந்தது. மடியில் தகரப் பெட்டி.

லிந்துலை தாண்டும்போது சத்தம் வந்தது. தகர டின்னில் கல் போட்டுக் குலுக்குகிற மாதிரி. கூடவே ஏதோ கருகுகிற வாடை. நான் பாட்டை உரக்கப் பாடினேன். சத்தம் என் பாட்டைவிட உரக்கக் கேட்டது.

தலவாக்கலை கடைவீதிக்கு வந்தோம். நுவரெலியா பஸ் அங்கே நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கூப்பிட்டுக்கொண்டிருந்தான். உள்ளே இடம் இருந்தது, ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"மாரி," என்றான் சின்னசாமி, "சத்தம் ஒரு மாதிரியா இருக்கே. நாங்க வேணுன்னா இதுல ஏறிக்கிறோம். நீ ஆறுதலா வா."

"டீசல் சத்தம் அப்பிடித்தான்டா. ஒனக்கு என்னா தெரியும்?"

"இல்ல, இன்னைக்கி ஒரு நாளு மட்டும்..."

"எறங்குறதுன்னா எறங்கு. ஆனா இனிமே என் வண்டியில ஏறாத."

அவன் கருப்பாயியைப் பார்த்தான். கருப்பாயி என்னைப் பார்த்தது. "அண்ணே சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றது.

தம்பிமாரே, அந்த இடத்தில் நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். யோசித்தேன். இவர்கள் இங்கே இறங்கி பஸ்ஸில் ஏறினால் பொழுது சாய்வதற்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும், மாரி வண்டியை நம்பி சின்னசாமிகூட ஏறவில்லை என்று. யோசித்தது அதைத்தான். அவர்களுடைய ஒன்பதரை மணியை யோசிக்கவில்லை. கியரைப் போட்டேன்.

நானுஓயாவுக்கு ஏறுகிற ரோட்டில், பாதி ஏற்றத்தில், உள்ளே யாரோ சம்மட்டியால் ஓங்கி அடித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். வண்டி செத்துவிட்டது. சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அடுத்து என்ன செய்தேன் தெரியுமா? குச்சியை எடுத்துக்கொண்டு டாங்கிக்குப் போனேன். விட்டு எடுத்தேன். முக்கால் குச்சி நனைந்திருந்தது. அதை நடுரோட்டில் நின்று சின்னசாமி மூஞ்சிக்கு நேராகப் பிடித்துக் கத்தினேன்:

"பாரு! நல்லா பாரு! எண்ணெ இருக்கு! அப்பறம் என்னாத்துக்கு நின்னுச்சி?"

அவன் குச்சியைப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. ஆனால் திட்டவில்லை. அவன் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இன்றைக்கு இந்தக் கதை எனக்கு இவ்வளவு பாரமாக இருக்காது.

கொஞ்ச நேரத்தில் அந்த பஸ்ஸே மேலே வந்தது. வழியெல்லாம் ஆள் ஏற்றி, படி வரைக்கும் நிறைந்திருந்தது. மூன்று பேரும் கை காட்டினோம். கருப்பாயி பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டியது. பஸ் நிற்கவில்லை. அது விட்ட புகையில் கல்யாணச் சீலை கறுத்துப் போனது.

நடந்தோம், ஓடினோம். நானுஓயாவில் ஒரு முட்டைக்கோஸ் லொறிக்காரன் ஏற்றிக்கொண்டான். அந்தக் கட்டடத்துப் படியில் நாங்கள் ஏறியபோது பதினொன்று தாண்டிவிட்டது. வாசலில் மேசை போட்டு ஒரு கிளாக்கர் ஐயா இருந்தார், யாழ்ப்பாணத்து ஆள்.

"பேர்?"

"சின்னசாமிங்க. பெரியண்ணன் மக கருப்பாயிங்க."

அவர் புத்தகத்தில் விரல் வைத்துத் தேடினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "மூண்டு தரம் கூப்பிட்டாச்சு. ஆக்கள் வரேல்ல எண்டு எழுதியும் போட்டினம்."

"வந்துட்டோங்களே ஐயா," என்றது கருப்பாயி. "இந்தா நிக்கிறோமே."

"நீங்கள் நிக்கிறது எனக்குத் தெரியுது தங்கச்சி. பேப்பருக்குத் தெரியேல்லையே. நான் உள்ள போய்க் கேட்டுப் பாக்கிறன்."

போனார். வந்தார். தலையை ஆட்டினார். "அப்பீல் எழுதிப் போடுங்கோ" என்றார். கருப்பாயி பெட்டியைத் திறந்து ஒவ்வொரு சீட்டாக எடுத்து மேசையில் வைத்தது. யாரும் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னது. "பொறந்தது டயகம ஐயா. கடலே பாத்ததில்ல." கிளாக்கர் ஐயா கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாக மடித்துத் திருப்பிக் கொடுத்தார். நல்ல மனிதர். நல்ல மனிதராக இருந்து என்ன?

திரும்பி பஸ்ஸில் வந்தோம். மூன்று பேரும் பஸ்ஸில். கருப்பாயி ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்திருந்தது, விசாரணை முடிந்ததும் சந்தோஷமாகச் சாப்பிட. எனக்குத்தான் முதலில் நீட்டியது.

"தின்னுங்கண்ணே. வண்டிய நெனச்சிக்கிட்டு வயித்தக் காயப் போடாதீங்க."

சின்னசாமி என் தோளில் கை போட்டுச் சொன்னான்: "ஆசையா வாங்கின வண்டி. ஒனக்குத்தான் மாரி பெரிய நட்டம்."

தின்றேன். வேறென்ன செய்ய? இரண்டு ரொட்டி தின்றேன்.

பாஸ் ஆள் அனுப்பி வண்டியை இழுத்துவரச் செய்தார். பானெட்டைத் தூக்கி, இஞ்சின் ஓரத்திலிருந்து ஒரு கம்பியை உருவினார். அந்தக் கம்பியின் வளையத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். துணி மாட்டி வைக்கிற கொக்கி என்று நினைத்து ஈரத் துணியைக்கூட மாட்டியிருக்கிறேன். இஞ்சின் ஒயிலை அளக்கிற கம்பி அது, காய்ந்து கிடந்தது.

"தெல் நே" என்றார். எண்ணெய் இல்லை.

"டாங்கி ஃபுல் பாஸ்! காலையிலகூடப் பார்த்தேன்!"

பாஸ் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போனேன் என்று என் அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். சிரிப்பு நின்றது. அந்தக் கம்பியைத் துடைத்து மறுபடி உள்ளே செருகினார். பிறகு, "மகே வெரத்த" என்றார். என் தப்பு. வாயால் சொன்னேனே தவிர, கையைப் பிடித்துக்கொண்டு போய் எதைப் பார்க்க வேண்டும் என்று காட்டவில்லையே என்றார். அதற்குப் பிறகு அந்த கராஜுக்கு யார் வந்தாலும், தொரயே வந்தாலும், கையைப் பிடித்துக் கம்பியைத் தொட வைத்துத்தான் அனுப்புவார்.

தப்பில் பாதி அவருடையது என்று அவரே எடுத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை. அந்தப் பாதியை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன். இன்றைக்கு வரைக்கும் போய்த் திருப்பி வாங்கவில்லை.

நீங்கள் புரியாத சொல்லுக்குத் தலையாட்டாதீர்கள். ஆறு பேர் பார்த்துக்கொண்டு நின்றாலும் எந்த எண்ணெய் என்று கேளுங்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் அது சின்ன விஷயம். ஏறினவன் இறங்குகிறேன் என்று சொன்னால் இறக்கிவிடுங்கள். அதுதான் பெரிது. வண்டிதான் உங்களுடையது, அவன் போகிற காரியம் அவனுடையது. எனக்கு அது தெரியவில்லை.

லயத்தில் எல்லோரிடமும் இஞ்சினுக்குள் கிராங்க் உடைந்துவிட்டது என்று சொன்னேன். பழைய இரும்பு, யார் என்ன செய்ய முடியும் என்றேன். சின்னசாமியும் அதையே நம்பினான். மற்றவர்கள் என்னைக் கிண்டல் பண்ணினால் எனக்காகப் பரிந்து பேசுவான், "கிராங்க் ஒடஞ்சா அவன் என்னா பண்ணுவான்?" என்று. அப்பீல் எழுதிப் போட்டார்கள். வருஷம் கழித்துப் பதில் வந்தது. மனு தள்ளுபடி.

எனக்குப் பிரஜாவுரிமை இருக்கிறது. என் விசாரணைக்கு நான் பஸ்ஸில் போனேன்.

பிரஜாவுரிமை இல்லாததால் இன்றைக்கு அவர்கள் இந்தியாவுக்குப் போகிறார்கள். தலவாக்கலையில் ரயில், தலைமன்னாரில் கப்பல். போகிற ஊரின் பெயர் சின்னசாமிக்கு அவன் தாத்தா சொல்லித்தான் தெரியும். அங்கே யாருடைய வீட்டுக் கதவைத் தட்டுவது என்று தெரியாது. கருப்பாயி நாளைக்குக் கடலைப் பார்க்கும். இரண்டு நாளாக அவர்களுக்கு மூட்டை கட்டிக் கொடுத்தேன். பக்கத்திலேயே இருந்தேன். வாய் வரவில்லை. இப்போது லொறியில் ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போகிறேன். ரயில் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் உங்களைப் பிடித்து வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன். தெல்லிலிருந்து தொடங்கினால் சிரிப்புக் கதையாகிவிடும், அவனும் சிரித்து மன்னித்துவிடுவான். அது கூடாது. பஸ்ஸிலிருந்துதான் தொடங்க வேண்டும். சின்னசாமி, அன்னைக்கித் தலவாக்கலையில நீ எறங்குறேன்னு சொன்னப்ப, அந்தச் சத்தம் சரியில்லன்னு எனக்கும்...

"மாரியண்ணே! அங்க என்னா இன்னும் பேச்சு? மூட்டையெல்லாம் ஏத்தியாச்சி. அவரு பின்னுக்கு ஏறிட்டாரு, முன்சீட்ட ஒங்களுக்கு விட்டுருக்காரு. வாங்கண்ணே!"

இந்தா வந்துட்டேன் தங்கச்சி.